முயலுக்குத் தடை, மீனுக்கு அனுமதி: துப்பாக்கியும் தூண்டிலும் பிடித்த ஜிம் கார்பெட் எந்தப் பக்கம் நின்றார்?

கோடை நெருங்கி கண்மாயில் தண்ணீர் வற்றத் தொடங்கினால், திண்டுக்கல் மாவட்டத்தின் நத்தம் பக்கத்து ஊர்களில் மீன்பிடித் திருவிழா வந்துவிடும். ஊர்ப் பெரியவர் கரையில் நின்று வெள்ளைத் துண்டை வீசியதும், ஊத்தா, கச்சா, வலை என்று கையில் கிடைத்ததோடு நூற்றுக்கணக்கானோர் ஒரே நேரத்தில் சேற்றில் இறங்குவார்கள். கட்லா, ரோகு, விரால், கெளுத்தி, ஜிலேபி என்று கிடைப்பதை வீட்டுக்குக் கொண்டுபோய்க் குழம்பு வைப்பார்கள். விற்பது கிடையாது.

இதே வட்டாரத்தில் இன்னொரு வழக்கமும் உண்டு. சிவராத்திரியை ஒட்டியும் கோயில் திருவிழாக்களின்போதும் வேட்டை நாய்களோடு காட்டோரம் போய் முயல் பிடிக்கும் பாரிவேட்டை. மீன்பிடித் திருவிழா மறுநாள் பேப்பரில் படத்தோடு வரும். பாரிவேட்டைக்குப் போனவர்கள் வனத்துறையிடம் சிக்கி, அபராதம் கட்டிய செய்தியாக வருவார்கள்.

இரண்டும் பரம்பரைப் பழக்கம், இரண்டிலும் உயிர் போகிறது. அப்புறம் ஏன் ஒன்றுக்கு அனுமதி, இன்னொன்றுக்கு வழக்கு? இன்னைக்கு முயலைத் தடுத்தவங்க நாளைக்கு மீனையும் தடுப்பாங்க, அதனால மீன் பிடிக்கிறவங்க வேட்டைக்காரங்களுக்குத் துணை நிக்கணும் என்ற பேச்சு ஊர்ப் பக்கம் உண்டு. இங்கிலாந்திலும் இதே பேச்சு பெரிய அரசியலாகவே நடந்தது.

இந்தக் கேள்விக்கு நடுவில் வைத்துப் பார்க்க வேண்டிய ஒரு வாழ்க்கை உண்டு. இந்தியாவின் மிகப் பிரபலமான வேட்டைக்காரரும், தூண்டில் மீன்பிடிப்பில் தீராத ஆசை கொண்டவருமான ஜிம் கார்பெட்டின் வாழ்க்கை அது.

கவண்கல்லில் தொடங்கியது

எட்வர்ட் ஜேம்ஸ் கார்பெட், 1875 ஜூலை 25-ல் இன்றைய உத்தராகண்டின் நைனிடாலில் பிறந்தார். அப்பா அந்த ஊர் போஸ்ட் மாஸ்டர். பெரிய குடும்பம், அளவான வருமானம். ஜிம்முக்கு ஆறு வயது நிறையும் முன்பே அப்பா இறந்துபோனார். கோடையில் நைனிடால், குளிர்காலத்தில் அடிவாரத்துக் காலாதூங்கி என்று வருடத்துக்கு இரண்டு வீட்டில் வளர்ந்தார்.

பள்ளிக்கூடத்தைவிடக் காடுதான் அதிகம் கற்றுக்கொடுத்தது. முதலில் கவண்கல், அப்புறம் வில், அப்புறம் பழைய நாட்டுத் துப்பாக்கி. குமாவோன் பறவைகளைப் பற்றிப் புத்தகம் எழுதிய உறவினர் ஒருவருக்காகப் பறவைகளை அடித்துக் கொடுத்த சிறுவன் அவர். காலடித் தடத்தைப் பார்த்து எந்த விலங்கு, எந்தப் பக்கம் போனது என்று சொல்லப் பழகினார். குரங்கும் மானும் எழுப்பும் எச்சரிக்கைக் குரலை வைத்து, புலி எங்கே படுத்திருக்கிறது என்று கணிக்கவும் கற்றார்.

வேலைக்குப் போனது ரயில்வேயில். 18 வயதையொட்டி, இன்ஜினுக்கு விறகு வெட்டி அனுப்பும் பணியில் சேர்ந்தார். பிறகு பீகாரின் மோகாமே காட்டில், கங்கைக் கரையில் சரக்கு ஏற்றி இறக்கும் ஒப்பந்ததாரராக 20 ஆண்டுகளுக்கு மேல் இருந்தார். கூலித் தொழிலாளர்களோடு சேர்ந்து தானும் மண்வெட்டி பிடித்த மனிதர் என்ற பெயர் அங்கே அவருக்கு இருந்தது. கடைசிவரை திருமணம் செய்துகொள்ளவில்லை. அக்கா மேகி கூடவே இருந்தார்.

436 உயிர்கள், உடைந்த இரண்டு பற்கள்

அவரை உலகம் அறிந்தது 1907-ல். நேபாளத்தில் சுமார் 200 பேரைக் கொன்ற ஒரு பெண் புலி, அங்கிருந்து விரட்டப்பட்டு குமாவோன் மலைக்கு வந்தது. அரசுக் கணக்குப்படி அது கொன்றவர்கள் மொத்தம் 436 பேர். சம்பாவத் பகுதியில் விறகுக்கும் புல்லுக்கும் வெளியே போகவே மக்கள் பயந்து, கதவைச் சாத்திக்கொண்டு கிடந்தார்கள்.

அதிகாரிகள் கார்பெட்டிடம் உதவி கேட்டார்கள். அவர் இரண்டு நிபந்தனை வைத்தார். புலியின் தலைக்கு அறிவித்த பரிசுத் தொகையை ரத்து செய்ய வேண்டும், காட்டில் சுற்றும் மற்ற வேட்டைக்காரர்களைத் திரும்பப் பெற வேண்டும். காசுக்காகச் சுடுபவன் என்ற பெயர் வேண்டாம் என்பது ஒரு காரணம். தவறுதலாகத் தன்மேலேயே குண்டு பாயக் கூடாது என்பது இன்னொன்று. ஏறக்குறைய 300 கிராமத்தார் தாரை தப்பட்டையோடு காட்டை வளைக்க, அந்தப் புலியைச் சுட்டு வீழ்த்தினார்.

செத்த புலியின் வாயைத் திறந்து பார்த்தபோது, வலது பக்கத்தின் மேல், கீழ்க் கோரைப்பற்கள் உடைந்திருந்தன. எப்போதோ ஒரு வேட்டைக்காரர் சுட்ட குண்டு அது. பல் உடைந்ததால் வழக்கமான இரையைப் பிடிக்க முடியாமல் அது மனிதர்கள் பக்கம் திரும்பியது என்று கார்பெட் கணித்தார்.

அதாவது, அந்த 436 மரணங்களுக்குப் பின்னால் இருந்தது, சரியாகச் சுடாமல், காயப்பட்ட விலங்கைத் தேடியும் போகாமல் விட்ட ஒரு விளையாட்டு வேட்டை. பின்னாளில் அவர் சுட்ட பல ஆட்கொல்லிகளின் உடலிலும் பழைய குண்டுக் காயமோ, முள்ளம்பன்றி முள்ளோ இருந்தது. ஆரோக்கியமான புலி மனிதனைத் தேடி வராது என்பதை வாழ்நாள் முழுக்கச் சொல்லிவந்தார்.

1910-ல் 400 பேரைக் கொன்றதாகச் சொல்லப்பட்ட பனார் சிறுத்தை. 1926-ல் கேதார்நாத், பத்ரிநாத் யாத்திரைப் பாதையை எட்டு ஆண்டு நடுங்கவைத்து 125 பேரைக் கொன்ற ருத்ரபிரயாக் சிறுத்தை. 1938-ல் தாக் கிராமத்துப் புலி. இப்படி 30 ஆண்டுகளுக்கு மேல் இந்த வேலை தொடர்ந்தது.

புனிதர் இல்லை

கார்பெட்டை ஆரம்பத்திலிருந்தே காட்டுக் காவலர் என்று சொன்னால் அது பாதி உண்மைதான். ஆட்கொல்லி அல்லாத புலிகளையும் அவர் சுட்டிருக்கிறார். 1930-ல் அவர் சுட்ட பவல்கட் புலி, உருவத்தில் மிகப் பெரியது என்பதற்காகவே வட்டாரம் முழுக்கப் பேசப்பட்டது. அது யாரையும் கொன்றதில்லை. வைஸ்ராய் லின்லித்கோ வேட்டைக்கு வந்தபோது ஏற்பாடு செய்து கொடுத்தவரும் கார்பெட்தான்.

ஆனால் 1920-களிலேயே அவருக்குள் ஒரு மாற்றம் தொடங்கியிருந்தது. வன அதிகாரி எஃப்.டபிள்யூ.சாம்பியன், காட்டுப் பாதையில் கம்பி கட்டி, புலி அதை மிதித்ததும் தானாகப் படம் எடுக்கும் கேமராவை வைத்து இரவில் புலிகளைப் பதிவு செய்துகொண்டிருந்தார். இன்று புலிக் கணக்கெடுப்பில் பயன்படும் தானியங்கி கேமராக்களுக்கு அதுவே முன்னோடி. இதைப் பார்த்த கார்பெட்டும் கேமராவைக் கையில் எடுத்தார். சுட்ட புலியின் தோல் ஒருவர் வீட்டுச் சுவரில் நிறம் மங்கிப்போகும், எடுத்த படம் எல்லோருக்கும் சந்தோஷம் தரும் என்பது அவர் வந்து சேர்ந்த இடம். துப்பாக்கியோடு போவதைவிடக் கேமராவோடு நெருங்குவதற்குத்தான் அதிகப் பொறுமையும் திறமையும் வேண்டும் என்று எழுதினார்.

இரண்டு வாழ்க்கையும் சில காலம் ஒன்றாகவே ஓடின. பள்ளிகளுக்குப் போய் மாணவர்களிடம் காட்டைப் பற்றிப் பேசினார். ஐக்கிய மாகாணத்தில் வேட்டை விலங்குப் பாதுகாப்புச் சங்கம் உருவாக உதவினார். 1936-ல் இந்தியாவின் முதல் தேசியப் பூங்காவான ஹெய்லி தேசியப் பூங்கா அமைந்ததில் அவருக்குப் பெரிய பங்கு உண்டு. அதன் எல்லைக்குள் வேட்டைக்கு இடமில்லை. எந்தக் காட்டில் வேட்டையாடிப் பழகினாரோ, அதன் பக்கத்துக் காட்டிலேயே துப்பாக்கிக்குத் தடை வர அவர் துணை நின்றார்.

சக வேட்டைக்காரர்களுக்கு இது பிடித்திருக்குமா என்று அவர் பார்க்கவில்லை. காட்டில் புலி குறைந்துகொண்டே போவதை அவர் கண்ணால் பார்த்திருந்தார்.

துப்பாக்கி இறங்கியது, தூண்டில் இறங்கவில்லை

1944-ல் வெளிவந்து உலகப் புகழ் பெற்ற அவருடைய ‘குமாவோனின் ஆட்கொல்லிகள்’ நூலில், புலிக் கதைகளுக்கு நடுவே சம்பந்தமே இல்லாத மாதிரி ஒரு மீன் கதை வரும். இமயமலை அடிவாரத்து ஆறு, வசந்த காலம், தூண்டிலில் சிக்கும் பெரிய மஹசீர். முழுக்க முழுக்க ஒரு மனிதர் ரசித்துச் செய்த காரியத்தின் பதிவு அது.

அதே நூலில் புலி வேட்டையின் மீது கேள்வி எழுப்புகிறார், ஆனால் மீன்பிடிப்பின் மீது எழுப்பவில்லை. புலியை ஒருபக்கமும் மீனை இன்னொரு பக்கமும் வைத்தது ஏன்? அவர் காலத்தில் ஆற்றில் மஹசீர் நிறைய இருந்தது என்பது ஒரு விளக்கம். ரோமமும் கண்ணும் உள்ள விலங்கிடம் மனிதருக்கு வரும் பரிவு மீனிடம் வருவதில்லை என்பது இன்னொரு விளக்கம். இரண்டாவது காரணம் நம் எல்லோருக்கும் பொருந்தும்.

ஒரே சங்கத்தில் துப்பாக்கியும் தூண்டிலும்

வேட்டைக்காரர்களும் தூண்டில்காரர்களும் கைகோத்த கதை தமிழ்நாட்டிலேயே இருக்கிறது. 1870-களில் நீலகிரியில் இருந்த ஆங்கிலேயர்கள், மானும் வரையாடும் குறைவதைக் கண்டு ஒரு சங்கம் தொடங்கினார்கள். 1879-ல் சென்னை அரசு, நீலகிரி வேட்டை விலங்கு மற்றும் மீன் பாதுகாப்புச் சட்டத்தைக் கொண்டுவந்தது. சட்டத்தின் பெயரிலேயே வேட்டையும் மீனும் சேர்ந்து நின்றன. எந்த மாதத்தில் சுடலாம், எப்போது மீன் பிடிக்கலாம் என்பதற்கு விதிகள் வந்தன. ஐரோப்பிய ட்ரவுட் மீனை மலை ஓடைகளில் வளர்க்கும் முயற்சியும் நடந்தது. 20-ம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அவலாஞ்சியில் மீன்குஞ்சு பொரிப்பகம் வந்தது.

இந்தக் கூட்டணியால் நன்மை இல்லாமல் இல்லை. நீலகிரி வரையாடு அந்த மலையில் முழுவதும் அழியாமல் தப்பியதில் இந்தக் கட்டுப்பாடுகளுக்குப் பங்கு உண்டு. அந்தச் சங்கமே பிற்காலத்தில் நீலகிரி வனவிலங்கு சங்கமாக மாறியது.

ஆனால் கூட்டணியின் நோக்கம், தங்கள் பொழுதுபோக்குக்கு விலங்கும் மீனும் மிச்சம் இருக்க வேண்டும் என்பதுதான். உரிமம் வாங்கியவர் சுட்டால் விளையாட்டு. காட்டிலேயே வாழ்ந்தவர் சாப்பாட்டுக்குப் பிடித்தால் திருட்டு வேட்டை. காலனிக் கால வேட்டைச் சட்டங்கள் பல இடங்களில் இப்படித்தான் வேலை செய்தன. பாரிவேட்டை பற்றிய பேச்சில் இன்றும் எழும் கோபத்துக்கு இந்தப் பழைய கணக்கும் ஒரு காரணம்.

இங்கிலாந்தில் என்ன ஆனது?

நாய்களை விட்டு நரி வேட்டையாடுவதைத் தடுக்கும் பேச்சு இங்கிலாந்தில் எழுந்தபோது, 1998-லும் 2002-லும் லண்டனில் மாபெரும் பேரணிகள் நடந்தன. 2002 பேரணியில் 4 லட்சம் பேருக்கு மேல் கலந்துகொண்டார்கள். அடுத்தது உங்கள் தூண்டில்தான், அதனால் எங்களோடு வாருங்கள் என்று மீன்பிடிப்பவர்களை அழைத்தது வேட்டைத் தரப்பு. சிலர் போனார்கள். நரி வேட்டையோடு எங்களைச் சேர்க்காதீர்கள் என்று பலர் ஒதுங்கினார்கள். 2004-ல் சட்டம் நிறைவேறி, 2005-ல் அமலுக்கு வந்தது. 20 ஆண்டுகள் கடந்தும் அங்கே தூண்டில் மீன்பிடிப்புக்குத் தடை வரவில்லை.

அப்போ அந்தப் பயம் வெறும் பூச்சாண்டியா? முழுக்க அப்படிச் சொல்லிவிட முடியாது. இந்தியாவில் நடந்தது வேறு.

காவிரிக் கரையில் நடந்தது

1972-ன் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் விளையாட்டு வேட்டையை முடிவுக்குக் கொண்டுவந்தது. அதே ஆண்டு பெங்களூருவில் தென்னிந்திய வனவிலங்குச் சங்கம் தொடங்கப்பட்டது. அதில் இருந்த தூண்டில் ஆர்வலர்கள் காவிரியின் ஒரு பகுதியைப் பாதுகாக்கும் பொறுப்பை எடுத்துக்கொண்டார்கள். வெடி வைத்து மீன் பிடிப்பவர்களைத் தடுக்கக் காவலர்களை வைத்தார்கள். முன்பு திருட்டுத்தனமாக மீன் பிடித்தவர்கள் சிலருக்கு வழிகாட்டி வேலை கிடைத்தது. பிடித்த மஹசீரை எடை பார்த்து, திரும்ப ஆற்றிலேயே விட்டுவிடும் பழக்கம் வந்தது.

1946-ல் மைசூரைச் சேர்ந்த வான் இங்கன், 120 பவுண்டு, அதாவது 54 கிலோவுக்கு மேல் எடையுள்ள மஹசீரைப் பிடித்தது இந்தக் காவிரியின் துணையாறான கபினியில்தான்.

ஆனால் சட்டத்தில் வேட்டை என்ற சொல்லுக்குள் பிடிப்பதும் அடங்கும். சரணாலயத்துக்குள் தூண்டில் போடுவதும் வேட்டைதான் என்ற விளக்கம் வர, சுமார் 15 ஆண்டுகளுக்கு முன் காவிரி வனவிலங்குச் சரணாலயப் பகுதியில் மீன்பிடி முகாம்கள் மூடப்பட்டன. காவலர்களும் வழிகாட்டிகளும் போனால் வெடி வைப்பவர்கள் திரும்பி வருவார்கள் என்று தூண்டில் தரப்பு எச்சரித்தது. சரணாலயத்துக்குள் பொழுதுபோக்குக்காக எந்த உயிரையும் துன்புறுத்தக் கூடாது என்பது எதிர்த்தரப்பு வாதம்.

இதில் யாரும் எதிர்பார்க்காத ஒரு பலன் கிடைத்தது. முகாம்களில் பல ஆண்டுகளாக எழுதிவைத்த மீன் எடைக் கணக்குகளை ஆய்வாளர்கள் எடுத்துப் பார்த்தார்கள். காவிரிக்கே உரிய திமில் மஹசீர் வேகமாகக் குறைவதும், வெளியிலிருந்து கொண்டுவந்து விடப்பட்ட வேறு வகை மஹசீர் பெருகியிருப்பதும் அதில் தெரிந்தது. 2018-ல் திமில் மஹசீர் அழிவின் விளிம்பில் இருக்கும் இனங்களின் பட்டியலில் சேர்ந்தது. மீன்மேல் ஆசை வைத்தவர்கள் எழுதிய நோட்டுதான் அந்த மீனுக்காகச் சாட்சி சொன்னது.

கென்யாவில் முடிந்த பயணம்

1947 நவம்பரில், 72 வயதில் கார்பெட்டும் மேகியும் இந்தியாவை விட்டுக் கென்யாவுக்குக் கிளம்பினார்கள். காலாதூங்கி அருகே அவர் வாங்கிக் குடிவைத்த சோட்டி ஹல்த்வானி கிராமத்து நிலத்தை, அங்கே உழுதவர்களிடமே விட்டுவிட்டுப் போனார். சாகும்வரை அந்த நிலத்துக்கு வரியையும் அவரே கட்டினார்.

1952 பிப்ரவரியில், கென்யாவில் மரத்தின் மேல் கட்டிய ட்ரீடாப்ஸ் விடுதியில் இளவரசி எலிசபெத்துக்குத் துணையாக இருந்தவர் கார்பெட். அந்த இரவில்தான் அவருடைய தந்தை இறந்து, எலிசபெத் அரசியானார். 1955 ஏப்ரல் 19-ல் நையேரியில் கார்பெட் காலமானார்.

அதன் பிறகு அந்தத் தேசியப் பூங்காவுக்கு அவர் பெயர் வந்தது. 1973 ஏப்ரல் 1-ல் புலிகள் பாதுகாப்புத் திட்டம் தொடங்கப்பட்டதும் அங்கேதான். 1972 கணக்கெடுப்பில் நாடு முழுக்க 1,827 ஆக இருந்த புலிகள், 2022 மதிப்பீட்டில் சராசரியாக 3,682. அதில் கார்பெட் புலிகள் காப்பகத்தில் மட்டும் 260.

நத்தம் கண்மாய்க்கு வந்தால்

கார்பெட்டின் வாழ்க்கையில் ஒரு விஷயம் தெளிவாகத் தெரிகிறது. அவர் வேட்டைக்காரர்கள் என்ற கூட்டத்துக்காக நிற்கவில்லை. தனக்குத் தெரிந்த விலங்கின் நிலைமையைப் பார்த்து முடிவெடுத்தார். ஆட்கொல்லி என்றால் சுட்டார். இனமே குறைகிறது என்றால் சுடுவதற்கு எதிராக நின்றார்.

அந்தக் கண்ணோடு பார்த்தால், பாரிவேட்டையும் மீன்பிடித் திருவிழாவும் ஒரே தட்டில் வராது. கண்மாய் மீனில் பெரும்பகுதி குஞ்சாக வாங்கி விட்டு வளர்த்தது. தண்ணீர் வற்றினால் எப்படியும் செத்துப்போகும். மழை பெய்தால் மறுபடி விடலாம். காட்டு முயலை யாரும் குஞ்சு வாங்கி விடுவதில்லை. அது நரிக்கும் கழுகுக்கும் காட்டுப்பூனைக்கும் சாப்பாடு. முயலுக்குக் கட்டிய கண்ணி, முயல் மட்டும்தான் மாட்டணும் என்று பார்க்காது. திண்டுக்கல், கரூர் மாவட்டங்களில் 11,806 ஹெக்டேர் காடு, 2022-ல் தேவாங்குக்காகவே சரணாலயமாக அறிவிக்கப்பட்டது. அய்யலூர் பக்கத்துக் காடுகளுக்குள் இரவில் நாயோடும் கண்ணியோடும் போனால் ஆபத்து முயலுக்கு மட்டும் இல்லை.

பாரிவேட்டைக்காரர்களின் கோபத்தில் நியாயமே இல்லை என்று இதற்கு அர்த்தம் கிடையாது. தலைமுறை தலைமுறையாகச் செய்ததை ஒரு நாள் குற்றம் என்று சொன்னால் வலிக்கும். சில ஊர்களில் காட்டுக்குப் போகாமல் சடங்கை மட்டும் நடத்தி முடிக்கிறார்கள். ஊரும் வனத்துறையும் உட்கார்ந்து பேசினால் இந்த வழி இன்னும் பல ஊருக்குப் போகும். அதற்கு மீன் பிடிப்பவர்களும் துணை நிற்கலாம்.

மீன் பிடிப்பவர்களுக்கு உண்மையான ஆபத்து வேறு பக்கம் இருக்கிறது. தோட்டா போட்டும் நஞ்சு கலந்தும் மீன் பிடிப்பதை 1897-ன் இந்திய மீன்வளச் சட்டமே தடை செய்திருக்கிறது. 125 ஆண்டு தாண்டியும் அந்தப் பழக்கம் போகவில்லை. கண்மாயில் கலக்கும் சாக்கடை, கரையை அரிக்கும் ஆக்கிரமிப்பு, தூர்ந்துபோன வரத்து வாய்க்கால் எல்லாம் சேர்ந்தால், தடை எதுவும் போடாமலேயே மீன்பிடித் திருவிழா நின்றுவிடும். வெள்ளைத் துண்டு வீசப் பெரியவர் இருப்பார், கண்மாயில் மீன் இருக்காது.